படத்தில் இல்லாத மாப்பிள்ளை

அந்தத் தெருவிலிருந்து வெளிநாடு போனவர்கள் அத்தனை பேரும் முதலில் ஸ்டூடியோக்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்கள். "சிரிக்காதீங்க. பல்லை மூடுங்க. ரெண்டு காதும் தெரியணும். தலையைக் கொஞ்சம் இப்படி. அவ்வளவு வேண்டாம், கழுத்து சுளுக்கிக்கும்." விசாவுக்குப் படம் எடுக்க வருகிறவர் முகத்தில் சந்தோஷத்தின் சுவடு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அவர் பட்டனை அழுத்த மாட்டார். அவர் எடுத்த படம் ஒன்றுகூட எந்தத் தூதரகத்திலிருந்தும் திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இப்படி ஊரையே விமானம் ஏற்றிவிட்ட மனிதர், சொந்தப் பெண்டாட்டியிடம் போய்ச் சேர முடியாமல் ஆறாவது வருஷமாகத் தவித்துக்கொண்டிருந்தார்.

மனைவி நர்ஸ். கல்யாணமாகி எட்டாவது மாதத்தில் வெளிநாடு ஒன்றில் வேலை கிடைத்துப் போனாள். போய் ஒரு வருஷத்தில் உங்களையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. கோப்பு நகரவில்லை, அவ்வளவுதான். நடுவில் அவள் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றால், நாட்டைவிட்டு வெளியே கால் வைத்த நிமிஷம் கோப்பு முதல் மேஜைக்குத் திரும்பிவிடும் என்றார்கள். இப்போது ஒருவழியாக அது கடைசி மேஜைக்கு வந்திருந்தது. இந்த வருஷக் கடைசிக்குள் விசா கைக்கு வராவிட்டால் கோப்பு செத்துவிடும். புதிதாக மனுப் போட்டு மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும்.

அவளுக்கு முப்பத்தெட்டு முடியப்போகிறது. 'குழந்தை' என்ற வார்த்தையை இருவரும் போனில் சொல்வதை நிறுத்தி வெகு நாளாகிவிட்டது. சொல்லாவிட்டாலும் அது நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது.

முதலில் மருத்துவப் பரிசோதனை. அதற்கென்று அந்த நாடு அங்கீகரித்த மையம் ஒன்று உண்டு. வாசலிலேயே பலகை தொங்கியது: 'நோயாளிகளுக்கு அனுமதி இல்லை.' ஸ்டூடியோக்காரர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, தும்மல் வராமலிருக்க மூக்கைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனார்.

எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், நீட்டியதும் எதற்கு நீட்டுகிறீர்கள் என்று இன்னொருவர் கேட்டார். ரத்தம் ஒரு அறையில், சிறுநீர் ஒரு அறையில், கண் ஒரு அறையில். ஒவ்வொரு அறையிலும் அவருடைய ஒரு பாகத்தை வாங்கி ரப்பர் ஸ்டாம்பு குத்தி வைத்துக்கொண்டார்கள். எக்ஸ்ரே அறையிலிருந்த பெண், "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்றாள். வாழ்நாளெல்லாம் தான் மற்றவர்களுக்குச் சொன்னதைத் தனக்கு ஒருத்தர் சொல்கிறாரே என்று அவருக்கு வேடிக்கையாக இருந்தது. வாய் லேசாக விரிந்தது.

"சிரிக்காதீங்க" என்றாள் அந்தப் பெண்.

"எக்ஸ்ரேல சிரிப்பு தெரியுமாம்மா?"

"தெரியாது. ஆனா இங்க சிரிக்கக் கூடாது."

கடைசியில் டாக்டர். வெள்ளைக் கோட்டுக்கு மேல் டை கட்டியிருந்தார். ஸ்டெதாஸ்கோப் மேஜை மேல் பேப்பர் பறக்காமலிருக்க உட்கார்ந்திருந்தது.

"நுரையீரல்ல ஒரு புள்ளி இருக்கு" என்றார்.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்துச்சு டாக்டர். அப்பவே ஆறிப்போச்சு."

"ஆறினது எனக்குத் தெரியுது. ஆனா ஆறிட்டதுன்னு நான் எழுதக் கூடாது. நாங்க வைத்தியம் பாக்கறவங்க இல்ல. இங்க வர்றவங்க எல்லாரும் ஆரோக்கியமானவங்கதான். அதை அவங்க நிரூபிக்கணும். நிரூபிக்கற வரைக்கும் நோயாளி. நோயாளிக்கு இங்க அனுமதி இல்ல. அதனால வெளிய உட்காருங்க. மூணு நாள் காலையில வந்து சளி கொடுங்க."

"எனக்குச் சளி இல்லையே டாக்டர்."

"இல்லைன்னு நீங்க சொல்றீங்க. அதைச் சளி சொல்லணும்."

பிறகு அவர் குனிந்தபடியே ஒரு கேள்வி கேட்டார். "மனசு எப்படி? அடிக்கடி சோகமா இருக்கீங்களா?"

ஸ்டூடியோக்காரர் யோசித்தார். "மனைவி அங்க இருக்கா டாக்டர். ராத்திரி கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போனா..."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமான்னா?"

"மனநலப் பிரிவுக்கு எழுதுவேன். அவங்க நேரம் கொடுக்க மூணு மாசம் ஆகும்."

"அப்ப இல்ல டாக்டர்."

டாக்டர் எழுதினார். என்ன எழுதினார் என்பது ஒட்டிய உறைக்குள் போய்விட்டது.

மறுநாள் காலை சளிக்கூடம். கண்ணாடிச் சுவர் வைத்த அறை அது. உள்ளே பத்துப் பேர், ஆளுக்கொரு பிளாஸ்டிக் குப்பியைப் பிடித்துக்கொண்டு உயிரைக் கொடுத்து இருமிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் இருமல் இல்லை. வெளியே நின்ற நர்ஸ், "இன்னும் ஆழமா, இன்னும் ஆழமா" என்று உற்சாகப்படுத்தினாள். அந்தப் பத்துப் பேரில் மெத்தைக்கடைக்காரரும் ஒருவர். பழைய வாடிக்கையாளர். மழையில் வீட்டுக் கூரை ஒழுகி அவருடைய கல்யாண ஆல்பம் கூழாகிவிட்டது. மனைவியின் தனிப்படம் ஒன்றைக் கொண்டுவந்து, பக்கத்தில் என்னை நிற்க வையுங்கள் என்று கேட்டிருந்தார். ஸ்டூடியோக்காரரும் அவரைத் தனியாக ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் வெட்டி, பின்னால் ஒரு கடற்கரையை வைத்து, கச்சிதமாக ஒட்டிக் கொடுத்திருந்தார்.

இது அவர் தினமும் செய்கிற வேலைதான். வெளியூரிலிருக்கும் மகனைக் குடும்பப் படத்துக்குள் நுழைப்பார். மூடிய கண்ணைத் திறப்பார். மூன்றாவது தாடையை எடுத்துவிடுவார். யாரையும் ஏமாற்றுவதாக அவர் நினைத்ததில்லை. அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியவரை அந்த இடத்தில் வைக்கிறேன் என்பார்.

"அண்ணே, குப்பி காலியா இருக்கே" என்றார் மெத்தைக்கடைக்காரர். அவருடையது நிறைந்திருந்தது. "கொஞ்சம் தரட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்க. என்னோடதுதான் கொடுக்கணும்."

"உங்க இஷ்டம். நேர்மையா இருமுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

ஸ்டூடியோக்காரர் மூன்று நாளும் நேர்மையாக இருமினார். மூன்றாம் நாள் தொண்டை புண்ணாகி நிஜமாகவே சளி பிடித்துக்கொண்டது. அதை வாங்கி, வாரக்கணக்கில் வளர்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் முளைக்கவில்லை என்று சான்று கொடுத்தார்கள். சான்றுக்கு ஆறு மாதம் ஆயுசு. அதில் பாதி, நேர்காணலுக்குத் தேதி வருவதற்குள் தீர்ந்துபோனது.

நேர்காணல் நடந்தது தூதரகத்தின் பெரிய கூடத்தில். வரிசையாகக் கண்ணாடிக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு அதிகாரி, ஒரு மைக். மைக் எதற்கு என்றால், கேள்வி கேட்கப்படுகிறவருக்கு ஒழுங்காகக் கேட்காது, மற்ற எல்லாருக்கும் கேட்கும். அவருக்கு வாய்த்த கூண்டில் ஒரு மேடம். நம்மவர்தான், நம் பாஷைதான். ஆனால் அந்த நாட்டுக்காரர்களே அவரைப் பார்த்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள் போலிருந்தது.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் மேடம். "இங்க வர்றவங்க நாங்க சந்தேகப்படறோம்னு வருத்தப்படறாங்க. நாங்க யாரையும் சந்தேகப்படறதில்ல. சந்தேகப்படணும்னா அந்த ஆளைக் கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கணும். நாங்க நம்பறதில்ல, அவ்வளவுதான். அது எல்லாருக்கும் பொது."

"சரிங்க மேடம்."

"மனைவி எந்தப் பக்கம் படுப்பாங்க?"

"சுவர்ப் பக்கம் மேடம்."

"நீங்க?"

"அப்ப வெளிப் பக்கம். இப்ப நானும் சுவர்ப் பக்கம்தான் படுத்துக்கறேன். வெளிப் பக்கம் காலியா இருந்தா பரவாயில்ல. சுவர்ப் பக்கம் காலியா இருந்தா தூக்கம் வரமாட்டேங்குது."

மேடம் 'முரண்பட்ட பதில்' என்று குறித்துக்கொண்டார். பிறகு மருத்துவ மையத்தின் உறையைப் பிரித்தார். அதிலிருந்து அவருடைய நுரையீரல், ரத்தம், கண் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசித் தாளில் மேடத்தின் விரல் நின்றது.

"மனைவியைப் பிரிஞ்சிருக்கறதுல உங்களுக்குச் சோகம் எதுவும் இல்லைன்னு டாக்டர் எழுதியிருக்காரே."

"மேடம், அது... ஆமான்னா மூணு மாசம்னு சொன்னாங்க."

"சோகம் மூணு மாசமா?"

"இல்ல மேடம், சோகம் ஆறு வருஷம். நேரம் கிடைக்க மூணு மாசம்."

"ஆல்பத்தைக் காட்டுங்க."

ஸ்டூடியோக்காரருக்கு உயிர் வந்தது. இதற்காகத்தான் அவர் காத்திருந்தார். கல்யாண ஆல்பம், அவர் தொழிலின் உச்சம். ஒரு படம்கூடச் சோடை இல்லை. வெளிச்சம் அப்படி, கோணம் அப்படி. தன் கல்யாணத்தை வேறொருவன் எடுப்பதா என்று முடிவு செய்து, அவரே எடுத்த ஆல்பம் அது. சொந்தக்காரர்கள் போனைத் தூக்கியபோதுகூட, "இறக்குங்க, என் வெளிச்சம் கெடுது" என்று எல்லாரையும் விரட்டிவிட்டார். செல்ஃபி என்ற வார்த்தையை அவர் ஸ்டூடியோவில் யாரும் உச்சரிக்க முடியாது.

மேடம் புரட்டினார்.

"இது யாரு?"

"என் மனைவி மேடம்."

"நீங்க எங்க?"

"நான் எடுத்துக்கிட்டு இருக்கேன்."

"இதுல?"

"இதுலயும் எடுத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"மோதிரம் போடற படம். ஒரு கை தெரியுது."

"அது என் கை மேடம். இன்னொரு கையில கேமரா."

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளையாப் போனீங்களா, போட்டோ எடுக்கப் போனீங்களா?"

"ரெண்டுக்கும்தான் மேடம்" என்றார் அவர். ஆறு வருஷமாக எத்தனையோ தடவை பார்த்த ஆல்பம். அதில் தான் இல்லை என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது.

ஒரே ஒரு படத்தில் அவர் முழுசாக இருந்தார். கேமராவைத் தானாக எடுக்க வைத்துவிட்டு ஓடிப்போய் அவள் பக்கத்தில் நிற்கப் பார்த்து, கம்பளம் தடுக்கி, திரும்பி நிற்பதற்குள் கேமரா முந்திக்கொண்ட படம். முதுகு பிரமாதமாக விழுந்திருந்தது.

"கொஞ்சம் திரும்பி நில்லுங்க" என்றார் மேடம்.

ஸ்டூடியோக்காரர் கூடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். மைக் வழியாக எல்லாம் கேட்டிருந்ததால் கூடம் மொத்தமும் அவரைக் கவலையோடு பார்த்தது. ஒரு அம்மாள், சட்டையை இழுத்துவிட்டுக்கொள்ளும்படி சைகை செய்தாள்.

"ஒத்துப்போற மாதிரிதான் இருக்கு" என்றது மைக். "ஆனா இதுவரைக்கும் முதுகைப் பார்த்து நான் யாருக்கும் விசா கொடுத்ததில்ல. திரும்புங்க. எல்லாப் படத்துலயும் உங்க மனைவி சிரிச்சுக்கிட்டே யாரையோ பார்க்கறாங்க. யாரை?"

"என்னைத்தான் மேடம்."

"நீங்கதான் படத்துல இல்லையே."

"கல்யாணத்தைப் பதிவு பண்ணின சான்றிதழ் இருக்கு மேடம். உண்மையான கல்யாணம்."

"உண்மையா இருக்கறது உங்க சொந்த விஷயம். அதுல நாங்க தலையிட மாட்டோம். உண்மையாத் தெரியணும், அதுதான் எங்க விஷயம்." மேடம் பக்கத்தில் இருந்த தாள் கட்டுக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்துக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். "இதோ, காலையில ஒருத்தருக்குக் கொடுத்தோம். பார்த்தாலே தெரியலையா? புருஷன், பொண்டாட்டி, பின்னால கடல். இதுதான் கல்யாணம்."

மெத்தைக்கடைக்காரர் தன் மனைவியோடு கடற்கரையில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய நிழல் ஒரு பக்கமும் அவர் மனைவியின் நிழல் இன்னொரு பக்கமும் விழுந்திருந்தது. அன்றைக்கு அவசரத்தில் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று ஸ்டூடியோக்காரருக்கு வெட்கமாக இருந்தது.

"நல்ல படம் மேடம்" என்றார்.

மஞ்சள் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து முகம் தெரிய நிற்கும் படத்தோடு மறுபடி வரவேண்டும்.

சேர்ந்து நிற்கவேண்டுமென்றால் அவர் அங்கே போகவேண்டும். போக விசா வேண்டும். விசாவுக்குப் படம் வேண்டும். இதை அவர் பக்கத்துக் கடை ஜெராக்ஸ் அக்காவிடம் விரலை மடக்கி மடக்கி விளக்கினார். தெருவிலுள்ள எல்லாருடைய விண்ணப்பத்தையும் பிரதி எடுத்து எடுத்து, அக்காவுக்கு எல்லா நாட்டுச் சட்டமும் அத்துப்படி.

"ஊருக்கெல்லாம் ஒட்டிக் கொடுக்கறீங்க. உங்களுக்கு ஒட்டிக்க என்ன கேடு?" என்றாள் அக்கா.

"அது பொய்யில்ல?"

"நீங்க அவ புருஷன் இல்லையா?"

"புருஷன்தான்."

"அப்புறம் என்ன பொய்? முதுகுக்குப் பதிலா முகத்தை வைக்கப் போறீங்க, அவ்வளவுதானே. பிழைக்கற வழியைப் பாருங்க."

அன்று ராத்திரி ஸ்டூடியோக்காரர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பழைய மாடிப்படிப் படம் ஒன்றைத் திரையில் திறந்தார். கல்யாணமான இரண்டாவது வாரம், துவைத்த துணி பக்கெட்டோடு அவள் இறங்கி வந்தாள். நல்ல வெளிச்சம். அப்படியே நில் என்று நிறுத்தி, கேமராவைக் கண்ணில் வைத்ததும் தொழில் பழக்கத்தில் "சிரிக்காதே" என்று சொல்லிவிட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் எடுத்ததிலேயே அவருக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

தன்னை ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஆறு வருஷ நரையைத் துடைத்தார். கன்னத்தைக் கொஞ்சம் நிரப்பினார். பக்கெட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன்னை நிற்க வைத்தார். இந்தத் தடவை நிழல் இரண்டும் ஒரே பக்கம் விழுந்தது. ஒட்டியது யாருக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் ஏதோ சரியில்லை, என்னவென்று பிடிபடவில்லை. அழுகை வந்தது. தன் வேலையைப் பார்த்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது நேர்காணலுக்குப் போனபோது வருஷம் முடிய அதிக நாள் இல்லை. அதே கூண்டு, அதே மேடம். படத்தை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். ஸ்டூடியோக்காரர் தன்னையறியாமல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"படம் நல்லா இருக்கு" என்றார் மேடம்.

"நன்றி மேடம்."

"ஒட்டின மாதிரி இல்ல. நிறையப் பேர் ஒட்டிக்கிட்டு வர்றாங்க. எங்களுக்குப் பார்த்ததும் தெரிஞ்சிடும்."

"ஆமாங்க மேடம்."

"ஆனா ஒரு சந்தேகம்." அந்தக் கூண்டில் அவர்கள் சந்தேகப்படுவதில்லை என்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, "ஒரு கேள்வி" என்று மாற்றிக்கொண்டார். "நீங்க பக்கத்துல நிக்கறீங்க. ஆனா உங்க மனைவி உங்களைப் பார்க்கலை. நீங்க அங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியாத மாதிரி இருக்கு. முழுச் சிரிப்பும் கேமராப் பக்கம் போகுது. இப்படி ஒரு சிரிப்பை நான் இந்த சீட்ல உட்கார்ந்து பார்த்ததில்ல. நேராவே கேக்கறேன். இந்தப் படத்தை எடுத்தது யாரு?"

ஸ்டூடியோக்காரர் கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து படத்தைப் பார்த்தார். படத்தில் என்ன சரியில்லை என்பது இப்போது பிடிபட்டது.

"சொல்லுங்க. எடுத்தவர் யாரு? உங்க மனைவிக்கும் அவருக்கும் என்ன உறவு?"

கூடம் முழுக்க மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தது. இருமல்கூட இல்லை.

"நான்தான் மேடம்."

"என்ன நான்தான்?"

"எடுத்தது நான்தான். அவ என்னைப் பார்த்துத்தான் சிரிக்கறா."

"பக்கத்துல நிக்கறது?"

"அதுவும் நான்தான்."

மேடம் பேனாவை மூடினார். அந்தக் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் இரக்கம் வந்தது. "ஒரே ஆள் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல நிக்க முடியாதுங்க."

"தெரியும் மேடம். ஆறு வருஷமா அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கேன்."

அது எந்தக் கட்டத்திலும் எழுதக்கூடிய பதில் இல்லை. மேடம் குறிப்பு எழுதினார். மனைவிக்குப் படம் எடுத்த நபரிடம் பற்று இருப்பதாகத் தெரிகிறது. அந்த நபரை விசாரிக்க வேண்டும். மனுதாரர் தன்னை இருவராகக் கருதுகிறார். மனநலப் பிரிவுக்கு அனுப்பவும். பழைய மருத்துவச் சான்று ரத்து. வருஷக் கடைசி அந்த மூன்று மாதத்துக்குக் காத்திருக்காது.

வெளியே வந்து காவலாளியிடம் போனைத் திரும்ப வாங்கி மனைவியைக் கூப்பிட்டார். அவள் ராத்திரி வேலை முடித்துவிட்டுத் தூங்காமல் காத்திருந்தாள்.

"என்னங்க சொன்னாங்க?"

"நீ படம் எடுத்த ஆள் மேல ஆசையா இருக்கியாம். எழுதிட்டாங்க."

அவள் எழுந்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"சரியாத்தானே எழுதியிருக்காங்க" என்றாள். "அதுக்கு ஏன் விசா கொடுக்கலை?"

அவர் சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறிவிட்டது. அவள் போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டது அவருக்குத் தெரிந்தது. அவள் போனுக்குத் திரும்பி வரும்வரை அப்படியே நடைபாதையில் நின்றார்.

"இனிமே என்னங்க?" என்றாள்.

"திங்கட்கிழமை மறுபடியும் எக்ஸ்ரேம்மா" என்றார்.